ஆண்டுக்குக் கீழே

நாள் முழுக்க மின்ட் மின்ட் மின்ட் என்று
கத்தித்தான் தொண்டை தேய்ந்தது.
பலகையில் வள்ளலார் நகர்;
வாயில் யாருக்கும் அது வருவதில்லை.
தங்கசாலையில் ஒருகாலம் காசடித்தார்களாம்.
இப்போது அந்தச் சுவருக்குள்
அரசாங்கம் காகிதம் அச்சடிக்கிறது.
சுவருக்கு வெளியே, நின்ற வண்டியின் கடைசி சீட்டில்
தோல்பையைக் கவிழ்த்துப் போட்டு
அடித்த ஊரைத் தேடுகிறேன் நான்.

வருடத்துக்குக் கீழே பார்க்க வேண்டும்.
கடுகில் பாதியாய் ஒரு வைரம் என்றால் பம்பாய்.
ஐந்து முனை நட்சத்திரம் ஹைதராபாத்.
புள்ளி இருந்தால் நொய்டா.
புள்ளிதானா,
பஜ்ஜிக்கடை எண்ணெயில் ஒட்டிய அழுக்கா என்று
நகத்தால் சுரண்டக் கூடாது.
சுரண்டிய காசு செத்த காசு.
சாய்த்துப் பிடித்து
வெளிச்சத்தை மட்டும் அதன்மேல் உருட்ட வேண்டும்.
அடித்த புள்ளிக்கு ஓரம் உண்டு,
அழுக்குக்குக் கிடையாது.

எதுவுமே இல்லாவிட்டால் கல்கத்தா.
எதுவுமே இல்லை என்று முடிவு கட்டத்தான்
எனக்கு அதிக நேரம் பிடிக்கிறது.

டிரைவர் ஞானப்பிரகாசம் சிரிப்பார்:
"எந்த ஊர்ல அடிச்சா இன்னாய்யா,
டீக்கு ஒரு ரூபா ஒரு ரூபாதான்."

திருடியதில்லை நான்.
பையிலிருந்து ஒன்றை எடுத்தால்
சட்டையிலிருந்து ஒன்றைப் போட்டுவிடுவேன்.
டிப்போ கணக்கில் ஒரு பைசா இடித்ததில்லை.

அன்றைக்கு அமைந்தகரையில்
படியில் தொங்கிய பையன் ஒருவன்
பழைய பெரிய ரூபாயை நீட்டினான். எண்பத்தைந்து.
வண்டி குலுங்கிய குலுக்கலில்
வைரம் ஏதோ இடம்மாறித் தெரிந்தது.
மாற்றிப் போட்டுக்கொண்டேன்.

கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரி வாசலில்
எக்ஸ்ரே உறையோடு ஏறினாள் ஒருத்தி.
உறையை மடங்காமல் பிடிக்க ஒரு கை,
கம்பிக்கு ஒரு கை,
நோட்டைப் பல்லில் கடித்திருந்தாள்.
டிக்கெட் முதுகில் 1 என்று எழுதிச் சுழித்துக் கொடுத்தேன்.

டவுட்டனில் இறங்கும்போது கேட்டாள்.
"சில்லறை இல்லம்மா."
பையில் உண்மையிலேயே இல்லை,
ஐந்தும் பத்துமாய்க் கிடந்தது.
அவள் பையைப் பார்க்கவில்லை.
காக்கிச் சட்டையின் இடப்பக்கம்
வட்டமாய்ப் புடைத்திருந்ததைப் பார்த்தாள்.
அப்புறம் உறையை மார்போடு அணைத்துக்கொண்டு
இறங்கிப் போனாள்.
இரண்டு விசில் கொடுத்தேன்.

மின்ட்டில் லென்ஸை வைத்தபோது
கை கொஞ்சம் ஆடியது.
பம்பாய் வைரம் நடுவில் நிற்கும்,
ஒன்பதுக்கும் எட்டுக்கும் அடியில்.
இது இடப்பக்கம் ஒதுங்கி
முதல் இலக்கத்தின் காலடியில் இருந்தது.
நெல்முனை அளவு நகர்வு.
அந்த நெல்முனைக்குள் ஏழு கடல்:
சீமையில் அடித்துக் கப்பலில் வந்த காசு.

சௌகார்பேட்டை சம்பத்ராஜ் போத்ரா
விளக்கடியில் இரண்டு முறை திருப்பினார்,
"முந்நூறு தரேன், விட்டுடுங்க" என்றார்.
விடவில்லை.

அட்டைச் சட்டத்தில் வைத்து
நான்கு மூலையும் பின் அடித்தேன்.
ஆண்டு எழுதினேன். உலோகம் எழுதினேன்.
முத்திரை: வைரம், முதல் இலக்கத்தின் கீழ்.
கிடைத்த இடம் என்ற கோட்டில்
அமைந்தகரை என்று எழுதி
அடித்துவிட்டு
டவுட்டன் என்று எழுதினேன்.

இப்போதெல்லாம் அந்த நிறுத்தத்தில்
ஒரு ரூபாய் உள்ளங்கையில் வேர்த்துக்கொண்டிருக்கும்.
எந்த ஊர்க் காசு என்று பார்ப்பதில்லை.
உறை பிடித்த பெண் யாராவது
கூட்டத்தில் தெரிகிறாளா என்று தேடுவதில்
விசில் தாமதமாகிறது.

கண்ணாடியில் என்னைப் பார்த்து
ஞானப்பிரகாசம் கத்துகிறார்:
"இன்னாய்யா, ரைட்டா?"